பாதிப் படத்துக்கு ஒரு சம்பந்தம்

எலவனாசூர்கோட்டையில் ஒரு காதுகுத்துப் பந்தியில்தான் முதலில் அந்தப் பேச்சு கிளம்பியதாம். கள்ளக்குறிச்சியில் எவளோ ஒருத்தி, பொம்மைப் படம் பார்க்கப் போகணும் என்று பொண்ணு பார்க்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாளாம். திருநாவலூர் போய்ச் சேர்வதற்குள், அந்தப் பெண்ணுக்கு ராக்கெட் பைத்தியம் முற்றித் தாயத்து கட்டியிருக்கிறார்கள் என்பதுவரை அது வளர்ந்துவிட்டது.

தேவிப்ரியா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள், அவ்வளவுதான். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. விண்கலம் ஓட்டும் ஒற்றைக்கைப் பெண் கேப்டனின் அனிமேஷன் படங்களை வசனம் மனப்பாடமாகும்வரை பார்த்தவள். புதுப் பாகம் வெளியாகும் அன்று காபித் தட்டோடு கூடத்தில் நிற்க அவளால் முடியாது.

சங்கடம் என்னவென்றால், மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. கவியரசன், டிராக்டர் மெக்கானிக். போட்டோவிலேயே நகக்கண்ணில் கிரீஸ் தெரிந்தது, மறைக்கவில்லை.

படத்துக்குப் போனாள். பனி மூடிய நிலவில் கேப்டன் சத்தமில்லாமல் கலத்தை இறக்கியபோது, தேவிப்ரியாவின் கால் தானாகப் பிரேக் மிதித்தது. முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். இடைவேளை விட்டபோது கலத்தில் எரிபொருள் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. அதன்பிறகு கேப்டன் பாட்டுப் பாடினாள், எந்திரங்கள் அழுதன, அந்தக் கண்ணீரிலேயே கலம் பறந்தது! கண்ணீரில் வண்டி ஓடுமென்றால், லைசென்ஸ் டெஸ்ட் அன்று அவளிடம் கற்பவர்கள் அழுவதே ஒரு வருஷத்து டீசலுக்குப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விஜயலட்சுமி பிடித்துக்கொண்டாள். “இன்னாடி, நல்லாருந்துச்சா?”

“பாதி.”

“பாதிப் படத்துக்காடி முழு சம்பந்தத்த தள்ளி வெச்ச?”

“மொதப் பாதிக்கு இன்னும் நாலு சம்பந்தம் தள்ளி வெக்கலாம்மா.”

“வாயப் பாரு!”

மறுநாள் மதியம் கவியரசனிடமிருந்து குரல் செய்தி வந்தது. “ஏங்க, படத்துக்கு வந்துருக்கேங்க. எங்கம்மாவும் வந்துருக்காங்க. அப்படி இன்னாதான் இருக்குதுன்னு பாத்துட்டுத்தான், நாளைக்கு உங்க வூட்டுக்கு வர்றதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்.”

இடைவேளை நேரத்தில் இன்னொன்று: “அம்மா சீட்டு நுனியில ஒக்காந்துக்கினு இருக்காங்க. பாப்கார்ன் நீட்டுனா கையத் தட்டி வுடறாங்க.”

இடைவேளையோடு கிளம்பிவிடுங்கள் என்று தட்டினாள். அழித்தாள். எந்த ரசிகை இன்னொருவரைப் பாதியில் எழுந்து போகச் சொல்வாள்? அந்தம்மாவும் எந்திரங்களோடு சேர்ந்து அழுதுவிட்டால்? பையன் மெக்கானிக், கண்ணீரில் ஓடும் என்ஜினை ஒப்புக்கொள்வானா? ஆளுக்கொரு பாதி பிடித்துவிட்டால் தான் எந்தப் பக்கம் நிற்பது?

படம் விடும் நேரம். போன் அடித்தது, கவியரசன்தான்.

“எடுடி,” என்றாள் அம்மா.

“இரும்மா. எடுத்து இன்னான்னு சொல்றது?”

“நல்லாருக்குன்னு சொல்லேன்.”

“அது பொய்யி.”

“நல்லால்லன்னு சொல்லு.”

“அதுவும் பொய்யிம்மா!”

அடித்து ஓய்ந்தது. இருவரும் மூச்சு விடுவதற்குள் மறுபடி அடிக்கத் தொடங்கியது. இந்த முறை அது மாப்பிள்ளையின் அம்மா நம்பர்.