நீச்சல் வாத்தியாரும் உப்பு டப்பாவும்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு நீச்சல் வாத்தியார் என்று பெயர். எலிகளைத் தண்ணீரில் விடுவதுதான் அவர் உத்தியோகம். பெரிய வட்டத் தொட்டி, பால்போலக் கலக்கிய தண்ணீர், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்துக்கொண்டு எலி நீந்திப்போய் அதில் ஏற வேண்டும். நல்ல எலி சீக்கிரமே வழியைப் பிடித்துவிடும். மறதி எலி அன்றுதான் பிறந்ததுபோல் தினமும் சுற்றிச் சுற்றி வரும். நேரம் முடிந்தும் தவித்துக்கொண்டிருந்தால், வாத்தியார் அதன் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து மேடைவரை கூட்டிப்போய் விடுவார். வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

மறதி எலிகள் தானாக வருவதில்லை. பரம்பரையாக மறதி நோய் உள்ள குடும்பங்களின் மரபணுவை எலிக்குள் வைத்துத் தயாரிக்கிறார்கள். மனிதன் எலிக்கு எழுதிவைத்த ஒரே சொத்து இதுதான் என்பார் வாத்தியார். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்து விளக்கமும் சொல்வார். மூளைச் செல்களுக்கு வெளியே ஒரு புரதம் குப்பையாகச் சேர்ந்து கட்டிதட்டிப் போகும். உள்ளே, செல்லின் இழைகளைக் கலையாமல் பிடித்துவைக்க வேண்டிய இன்னொரு புரதம் அவிழ்ந்துபோய்த் தானே சிக்கலாகிவிடும். குப்பை அள்ள வரும் செல்கள் அள்ளி அள்ளி அலுத்து, கடைசியில் அண்டை வீட்டையும் சேர்த்துக் கொளுத்தும்.

"இதெல்லாம் மறதி வெளிய தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடும்ங்க. சம்பந்தப்பட்ட ஆளுக்கு மட்டும் தெரியாது" என்று முடிப்பார். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒருநாள் சாவி சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்தது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். தான் வைக்கவில்லை என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் மனைவிதான். அவள் சாமான்களை எடுத்து, எதுவும் நடக்காததுபோல் பழைய இடத்தில் வைப்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தொட்டியைச் சுற்றும் எலிகளெல்லாம் கண்முன் வந்தன. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் இருந்தும் தன்னை யாரென்று கேட்கும் வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது.

ஆனாலும் விஞ்ஞானத்தை விட முடியுமா? முறைப்படி சோதனையில் இறங்கினார். கண் தெரியாத எலியும் மேடையைத் தவறவிடும் என்பதால், முதலில் உப்பு டப்பாவை நேரெதிரே வைத்து அவள் பார்வையைச் சோதித்தார். பார்வை பழுதில்லை. பிறகு டப்பாவை இடம் மாற்றி மாற்றி வைத்து, அவள் தேடுவதைக் கதவோரம் நின்று கவனித்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத எலி ஒன்று வேண்டுமே. அந்த இடத்தில் தன்னையே வைத்துக்கொண்டு, தானும் டப்பாவைத் தேடிப் பார்த்தார். மனைவி வரவர அதிக நேரம் தேடினாள். அவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் மனைவி டாண் டாண் என்று பதில் சொன்னாள். வாத்தியாருக்கு மகிழ்ச்சியைவிடக் குழப்பம்தான் அதிகம். தன் சோதனையை ஆதியோடந்தமாக விவரித்தார். யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்க, என்னோடுதான் என்றார் பெருமையாக.

மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"சாவியைச் சர்க்கரைக்குள்ள போட்டது இவர்தாங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். உப்பு டப்பாவை எங்க வைச்சோம்னு தெரியாம இவரே தேடிக்கிட்டு நிப்பார். நான் டக்குனு எடுத்துக் கொடுத்தா இவர் மனசு கஷ்டப்படும்னு, நானும் கூடவே கொஞ்ச நேரம் தேடுவேன்."

டாக்டர் ஒரு தாளை வாத்தியார் பக்கம் நகர்த்தி, கடிகாரம் வரையச் சொன்னார். இதென்ன பிரமாதம் என்று வாத்தியார் வரைந்தார். எண்களெல்லாம் ஒரே பக்கமாகப் போய் நெருக்கியடித்து நின்றன. அவருக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் சில பரிசோதனைகள் செய்த பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

வெளியே நடைக்கூடம் இரண்டாகப் பிரிந்தது. சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. வாத்தியார் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலப்பக்கம் கொஞ்சம் போனார், திரும்பி வந்தார். இடப்பக்கம் போனார், மறுபடி வந்தார். மனைவி அவசரப்படுத்தாமல் சற்று நேரம் காத்து நின்றாள். பிறகு கிட்டே வந்து, அவர் கைக்கடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

"வாங்க, இந்தப் பக்கம்."

எனக்குத் தெரியும் என்றார் வாத்தியார். கையை மட்டும் எடுக்கவில்லை.