நஞ்சையில் போட்ட டிராக்குக்கு மழை டயர்

1. மூன்றாவது கார்னர்

பார்த்திபனின் பைக் டிராக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மழை. அதற்கு முன் ஒரு ரேஸ் டீமில் பல வருடம் டயர் மாற்றியவன் நான். பார்த்திபன் என்னைவிடச் சின்னவர். சம்பளம் கொடுத்தவர் என்பதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்கும் பெருநகர் என்ற ஊருக்கும் நடுவில், அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் மண்ணைக் கொட்டித் தார் போட்டு, ‘டிராக்’ என்று பலகை வைத்திருந்தார். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து பைக் ஓட்டுவார்கள்.

மழை விட்டதும் டிராக் மளமளவென்று காய்ந்தது. மூன்றாவது கார்னரில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் அப்படியே நின்றது. அங்கேதான் பழைய வடிகால் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் சரோஜாம்மாவின் வரப்பை ஒட்டி ஓடி ஏரியில் விழும். கம்பி வேலி போடும்போது பார்த்திபன் ஓர் அடி அந்த அம்மா நிலத்துக்குள் தள்ளிப் போட்டார். அந்த அம்மா கேட்டுப் பார்த்தார், கத்திப் பார்த்தார், கடைசியில் தன் பக்கத்து வடிகாலை மண்ணள்ளி மூடிவிட்டார்.

தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்திபனுக்குத் தெரியாதா? பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். ஆனாலும் அவர் வாங்கி வந்து இறக்கியது வெட் டயர்.

2. மழை ஸ்பெஷல்

வெட் டயர் என்பது ஈரமான டிராக்குக்கு என்றே செய்த டயர். டயர் மேல் வெட்டிய காடி ஆழமாக இருக்கும், தரையில் உள்ள தண்ணீரை வாரி வெளியே தள்ளும். ரப்பர் ரொம்ப மெது, குளிர்ந்த தரையிலும் பிடிக்கும். அதையே காய்ந்த தாரில் ஓட்டினால் சூடேறிப் பிய்ந்து வந்துவிடும். குட்டை மாதிரி தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாக விட்டால் அதுவும் மிதக்கத்தான் செய்யும்.

பார்த்திபனின் டிராக்கில் ஒரு பக்கம் குட்டை, மற்ற இடமெல்லாம் காய்ந்த தார். வெட் டயருக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

“தம்பி, இது ஈரத்துல ஓட்ற டயரு. குட்டையில ஓட்றது இல்ல,” என்றேன்.

“இன்னாண்ணே நீ, நல்ல நாள்ல பேஜார் பண்ணிக்கினு. டயரு புச்சு, காடி எவ்ளோ ஆழமா கீது பாரு!”

‘மழை ஸ்பெஷல்’ என்று போனில் விளம்பரம் போட்டார். கூட்டம் வந்தது. மழையில் முட்டி தேய ஓட்டுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, நேராகப் போகவே தடுமாறுகிற கூட்டம். ஏனாத்தூர் காலேஜில் பாடம் நடத்தும் நித்யா என்ற பெண்ணும் வந்திருந்தார். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு அவரே உள்ளே வந்து நிறுத்தினார்.

“அண்ணா, பின் டயர் நெளியுது. பாருங்க.”

பார்த்தேன். ரப்பர் கட்டி கட்டியாகப் பிய்ந்திருந்தது.

“தண்ணி ஒரே இடத்துலதானே நிக்குது? அதை வடிய விட்டுட்டா சாதா டயரே போதுமே?” என்று பார்த்திபனிடம் கேட்டார்.

“மேடம், தண்ணி இருந்தாதான் மேடம் த்ரில்லு.”

நித்யா பைக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று வந்த கூட்டத்தில் தலையை ஹெல்மெட் மாட்டுவதற்கு மட்டும் வைத்திருக்காதவர் அவர் ஒருவர்தான்.

மனசு கேட்காமல் நானே சரோஜாம்மாவிடம் போனேன். களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

“என் நெலத்த முழுங்கிட்டு, தண்ணிக்கு வயி கேட்டு உன்ன அனுப்புறானா? அவனுக்கு வாயி கீது இல்ல? வந்து கேக்கச் சொல்லு.”

பார்த்திபனிடம் சொன்னேன்.

“அந்தம்மா வூட்டாண்ட போயி நான் நிக்கணுமா? அதுக்கு இன்னும் நாலு செட் டயரு வாங்கிட்டுப் போறேன்.”

வாங்கவும் செய்தார்.

3. வேலிக்கு அந்தப் பக்கம்

அடுத்த மழைக்கு வந்தவர்கள் குட்டையைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். “நான் ஓட்டிக் காட்றேன்” என்று பார்த்திபனே ஜாக்கெட்டை மாட்டினார். பிரஷர் பார்த்து, டயரைச் சரிபார்த்து அனுப்பியது நான்தான். மூன்றாவது கார்னரில் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். தலையாட்டினார்.

முதல் சுற்று மெதுவாக வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் வினை. அடுத்த சுற்றில் முறுக்கிக்கொண்டு போனார். தண்ணீரைத் தொட்டதும் முன் சக்கரம் மிதந்தது. பைக் வேலியைப் பிய்த்துக்கொண்டு சரோஜாம்மாவின் வயலுக்குள் பாய்ந்தது. பின்னாலேயே அவரும் போய் விழுந்தார்.

நான் ஓடினேன். அவர் குப்புறக் கிடந்தார், ஹெல்மெட் சேற்றில் புதைந்திருந்தது, கை கால் அசையவில்லை. நான் போவதற்குள் சரோஜாம்மா அவரைப் பிடித்துப் புரட்டி, ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து, மூக்கிலும் வாயிலும் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு வுடுடா. டேய், மூச்சு வுடு!”

இருமினார். சேறும் தண்ணியுமாக வந்தது. கண்ணைத் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: “பைக்கு இன்னா ஆச்சு?”

“ம்ம், உன் பைக்கு நல்லா கீது. என் பயிருதான் நாசமாப் போச்சு,” என்றார் அந்த அம்மா. ஆம்புலன்ஸ் வரும்வரை பார்த்திபன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்திருந்தது. கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்திபன் அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நின்றபோது நானும் கூடப் போனேன்.

“வேலிய பின்னால தள்ளிப் போட்டுடறேன்க்கா. தண்ணிக்கு வயி வுடு.”

“மொதல்ல போடு. அப்பறம் பேசு.”

வேலி பழைய இடத்துக்குப் போனது. சரோஜாம்மா மண்வெட்டியோடு வந்து, மூடிய மண்ணை வெட்டி எடுத்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் குட்டை வடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் அத்தனை செட் டயர், ஓர் எலும்பு, அரை வயல் பயிர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். யாராவது வெட் டயர் கேட்டால், டயர் சைஸ் கேட்பதற்கு முன்னால் டிராக்கைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஓடினால் மாட்டிக் கொடுங்கள். தேங்கி நின்றால், அது ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். முதலாளிக்குக் கோபம் வரும், வரட்டும்.

இப்போது மழை விட்ட கொஞ்ச நேரத்தில் டிராக் முழுக்கக் காய்ந்துவிடுகிறது. போன வாரம் நான் வெட் டயர்களைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோது பார்த்திபன் வந்து பக்கத்தில் நின்றார். தோள் இன்னும் சரியாகவில்லை.

“அண்ணே, டயரெல்லாம் சும்மா கெடக்குது. தண்ணி லாரி ஒண்ணு சொல்லி, மூணாவது கார்னர்ல ஊத்திப் பாக்கலாமா?”