கொட்டகைக்கு வாங்கிய கதவு

தேசியப் பூங்காவின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு ஆட்டுக்காரம்மாவுடையது. காட்டுக்குப் பூங்கா என்று பெயர் வைத்தபோது அவருடைய மேய்ச்சல் நிலத்தில் பாதி கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சுற்றுலா வேண்டுமா என்று ஊரைக் கேட்ட முதல் கூட்டத்தில் "வேண்டாம்" என்று கை தூக்கினார். மகளைக் கட்டியவர் ஜீப் ஓட்டும் வழிகாட்டியான பிறகு நடந்த கூட்டத்தில் "வேணும்" என்று அதே கையைத் தூக்கினார். இரண்டு தடவையும் மனசாரத்தான். யாராவது கிண்டல் செய்தால், "அப்பவும் வயிறுதான் கேட்டுச்சு, இப்பவும் வயிறுதான் கேக்குது" என்பார்.

வீட்டின் பின்னறை விருந்தினர் அறையாயிற்று. வருகிறவர்களை அவருக்குப் பிடிக்கும். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைப்பார்கள், போட்டதைச் சாப்பிடுவார்கள், குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். சிறுத்தையைப் பார்க்காமல் ஊர் திரும்பும்போது மட்டும் எழவு வீட்டு முகம் வைத்துக்கொள்வார்கள். அதுதான் அவருக்குப் புரியவில்லை.

"வரக்கூடாதுன்னு நான் கும்பிடறேன், வரணும்னு அவங்க கும்பிடறாங்க. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ. சாமி யார் பேச்சைத்தான் கேக்கும்?"

ஆட்டுக் கொட்டகைக்கென்று தச்சரிடம் சொல்லி, கனமான பலகைக் கதவு ஒன்று செய்து வாங்கினார். அது வந்து இறங்கிய நேரம் பார்த்து விருந்தினரும் வந்து இறங்கினார்கள். அவர்கள் குளியலறைக்குக் கதவில்லை. மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"ஒரு வாரம்தான் அத்தை. ஆடு வெக்கப்படாது, மனுஷன் வெக்கப்படுவான்."

கதவு குளியலறைக்குப் போயிற்று. கொட்டகை வாசலில் சாக்குப் படுதா தொங்கிற்று. மாப்பிள்ளைமார் சொல்லும் ஒரு வாரத்தில் ஒரு மழைக்காலமே அடங்கும்.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் படுதா கிழிந்து கிடந்தது. பெரிய வெள்ளாடு வேலியோரம் பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. ஆட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துத் திட்ட ஆரம்பித்தார். பின்னறையில் தங்கியிருந்த கணவன் மனைவி ஓடி வந்தார்கள். வந்த நாளாகக் குரங்கைத் தவிர எதையும் காணாதவர்கள். துக்கம் விசாரிக்கும் முகத்தை வரவழைக்கப் பார்த்தார்கள், வரவில்லை.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ரொம்ப வருத்தமாம் அத்தை," என்று மொழிபெயர்த்தார் மாப்பிள்ளை.

"வருத்தத்துல எதுக்குப் பல்லு தெரியுது?"

அம்மா குழி தோண்ட மண்வெட்டியை எடுத்தார். மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "புதைச்சிடாதீங்க அத்தை. மிச்சத்தைத் தின்ன சாயங்காலம் கண்டிப்பா வரும். இவங்க ஒரு தடவை பாத்துட்டுப் போனா, நாலு பேரை அனுப்புவாங்க."

"இங்கயே உக்காந்து சாவகாசமாத் தின்னுட்டுப் போச்சுன்னா, நாளைக்கும் பந்தி இங்கதான்னு நினைக்கும். மத்த ஆட்டை யாரு காப்பாத்துவா, சாக்கா?"

"ராத்திரி நான் காவல் இருக்கேன்."

"நீங்க படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டீங்களாமே?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் மகள், சமையலறை ஜன்னலிலிருந்து.

மாமியார் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினால் மரியாதை போகும். விட்டால் பிழைப்பு போகும். மாப்பிள்ளை அதன் காம்பைப் பட்டும் படாமலும் பிடித்தபடி நின்றார்.

"கதவைக் கழட்டிட்டு வாங்க," என்றார் அம்மா.

"எந்தக் கதவை?"

"நான் வாங்கினதே ஒரு கதவுதானே?"

"அத்தை, ஆளுங்க தங்கியிருக்காங்க!"

"அவங்களைச் சிறுத்தை தூக்காது. அப்படியே தூக்கினாலும் நீங்க ஜீப்புல ஆள் கூட்டி வந்து காட்டிடுவீங்க."

மாப்பிள்ளை விருந்தினரிடம் என்ன சொன்னாரோ, அந்தக் கணவரே கதவின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார். மனைவி திருகாணிகளை உள்ளங்கையில் பத்திரமாக ஏந்தி வந்தாள். சிறுத்தைக்காகக் கதவில்லாமல் குளிப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. உச்சிப்பொழுதுக்குள் கதவு கொட்டகையில் நின்றது, மண்வெட்டி மூலைக்குப் போயிற்று.

பொழுது சாயும்போது மற்றவர்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். அம்மாவையும் கூப்பிட்டார்கள். அவர் கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

சிறுத்தை வந்தது. வேலியோரம் நிதானமாகத் தின்றது. பிறகு, பந்தி இன்னும் முடியவில்லை என்று நினைத்ததோ என்னவோ, கொட்டகைக்கு வந்து கதவை மோந்து ஒரு தரம் பிறாண்டியது. உள்ளே ஆடுகள் அம்மாவின்மேல் நெருக்கியடித்தன. அவர் கதவில் முதுகைக் கொடுத்து, ஒரு குட்டியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகையின் அதிர்வு முதுகெலும்பில் இறங்கிற்று. கதவு அசையவில்லை. சிறுத்தை கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் போயிற்று.

அவர் தாழ் திறந்து வெளியே வந்தார். விருந்தினர் இருவரும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர்.

"வாழ்க்கையில மறக்க மாட்டாங்களாம் அத்தை."

"நானும்தான்னு சொல்லுங்க."

செத்த ஆட்டின் மிச்சத்தை மறுநாள் புதைத்தார்கள். மாப்பிள்ளை தச்சரிடம் புதுக் கதவு சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் வந்துவிடுமாம். அதுவரை குளியலறைக்குத் தைத்த சாக்குதான். விருந்தினர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும், பாட்டு நிற்கும்வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வெட்கப்பட்டு யாராவது பாட்டை நிறுத்தினால், ஆட்டுக்காரம்மா வெளியே இருந்து அடி எடுத்துக் கொடுக்கிறார்.