தாகத்துக்காக வாதாடியவர்

டாக்டர் கோமதி காலமான செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அறுவை அரங்குக்குள் போக நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. தலைமைச் செவிலியர் கதவருகே நின்று, "மேடம் போயிட்டாங்களாம்" என்றார். ராசிபுரத்து வீட்டில், மாரடைப்பு. உள்ளே, மரத்துப்போகும் ஊசி மட்டுமே போதுமான ஒரு சிறு அறுவைக்கு நோயாளி காத்திருந்தார். கைகளைக் கழுவி முடித்து உள்ளே போனோம்.

நாமக்கல்லில் எங்கள் சிறிய மருத்துவமனையின் மயக்க மருத்துவர் அவர். நான் அங்கே அறுவை மருத்துவராகச் சேர்ந்தபோது, அறுவைக்கு முந்தைய இரவிலிருந்தே நோயாளிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்ற அச்சம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் அவசர அறுவை இல்லாத, வயிறு இயல்பாகக் காலியாகும் நோயாளிகள் மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 'பெரிய சார்' என்று நாங்கள் அழைக்கும் மூத்த அறுவை மருத்துவரும் அதைப் படித்தவர்தான். ஆனால் படித்தது வேறு, பழகியது வேறு என்று இருந்தார்.

மேடம் அவரிடம் ஆய்விதழ் எதையும் நீட்டவில்லை. "ரவுண்ட்ஸ் போறப்ப, எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு மட்டும் கேளுங்க சார்" என்றார். பித்தப்பை அறுவை முடிந்திருந்த ஒரு பெண், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவர், சொன்னார்: "வலியக்கூடப் பொறுத்துக்கிட்டனுங்க. நாக்கு வறண்டு ஒட்டிக்கிச்சு பாருங்க, அதத்தானுங்க தாங்க முடியல." பெரிய சார் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அப்போதும் அவர் இசையவில்லை. வேறு மருத்துவமனைகளுக்கும் போய் வருபவர். யாருக்கு எப்போது அறுவை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். மேடம் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"ராகு காலம் முடிஞ்சு பண்ணுங்கன்னு சொந்தக்காரங்க கேட்டா மட்டும் நேரம் சொல்றீங்களே சார். அந்த நேரத்தை எனக்கும் சொல்லிருங்க."

அரங்கில் எல்லோரும் சிரித்துவிட்டோம், பெரிய சார் உட்பட. அடுத்த வாரமே தண்ணீர் தரத் தொடங்கினோம்.

சீக்கிரமே ஒரு சறுக்கல் வந்தது. குடலிறக்க அறுவைக்கு வந்திருந்த லாரி ஓட்டுநருக்கு, அவர் மனைவி மனம் கேளாமல் பால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். பால், தண்ணீரைப் போலச் சீக்கிரம் வயிற்றைவிட்டுப் போகாது. அறுவையை மாலைக்குத் தள்ளவேண்டியதாயிற்று. "உங்க கைடுலைன்ல டீக்கடையும் இருக்குதுங்களா மேடம்?" என்றார் பெரிய சார். பழைய வழக்கமே திரும்பிவிடும் என்று நினைத்தேன்.

மேடம் அந்த மனைவியைக் குறை சொல்லவில்லை. "தண்ணி குடிக்கலாம்னு சொன்னேன், பால் ஏன் கூடாதுன்னு சொல்லல. தப்பு என்னுதுங்க சார். இன்னும் ஒரு மாசம் பாப்போம்" என்றார். அதன் பிறகு, முந்தைய நாள் மாலையே உறவினர்களை உட்காரவைத்து அவரே விளக்கினார். மாதம் கடந்தது. பெரிய சார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் முடிவைக் கேட்டுவிடலாமே என்றேன்.

"கேட்டா எதாவது முடிவு சொல்லணும்னு தோணும். கேக்காம உட்டா பழகிரும்" என்றார் மேடம்.

பழகியதா என்று அவர் இருந்தவரை எங்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னது எப்போதும் அவர் குரல்தான்.

வியாழன் மாலை, அவர் இடத்துக்குத் தற்காலிகமாக வந்திருந்த மயக்க மருத்துவர், மறுநாள் அறுவைக்கு இருந்த கெங்கவல்லி விவசாயிக்கு இரவிலிருந்து எதுவும் தர வேண்டாம் என்றார். செவிலியர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கும் முன் பெரிய சார் பேசினார்.

"நாளைக்குப் பன்னண்டு மணிக்கு எடுக்கறேன். பத்து மணி வரைக்கும் தண்ணி குடிக்கட்டும்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, பால் ஏன் கூடாது என்று அந்த விவசாயியின் மகளுக்கு விளக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது அந்த விவசாயி எழுந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு டம்ளர் குடிக்கலாமா என்று கேட்டார். நேரம் இருந்தது. நானே ஊற்றிக் கொடுத்தேன்.

வணங்கி விடைதருகிறோம், மேடம்.