ஏழாம் நம்பர் கல்

ஊட்டியில் மகன் வேலை பார்க்கிற காலேஜைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். அவன் ஒரு தாளைக் கொடுத்து, “அம்மா, கல்லுல இருக்கிற நம்பரைப் பாத்துப் பாத்து நடங்க, யாரையும் கேக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டான். எனக்கு எழுத்து வராது, நம்பர் தெரியும்.

ஏழாவது கல் பனியில் நனைந்து நின்றது. அந்த ஈரச் சுண்ணாம்பு வாசம் என்னைச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கேயும் ஒவ்வொரு மலைக்கும் சுண்ணாம்பு அடித்த நம்பர்க் கல் உண்டு. எட்டு வயதில், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலேயே நம்பர் படிக்கிற பொம்பளைப் பிள்ளை நான் ஒருத்திதான் என்று எனக்குத் தலைக்கனம். உண்மையில் அஞ்சு வரைக்கும்தான் தெரியும்.

ஒரு நாள் கொழுந்து எடுக்கப் போன ராமாயி அத்தைக்குத் தேத்தண்ணி தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பனியில் ஒரு கல்லைக் காட்டி, “ஏழாம் நம்பரு மலை இதானா புள்ள?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“இதேதான் அத்தை.”

மதியம் வரைக்கும் வேறு மலையில் தனியாகக் கொழுந்து எடுத்திருக்கிறாள். கங்காணி எல்லாருக்கும் முன்னால், “கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று கூடையைக் கவிழ்த்தார். அத்தை என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“பனியில நாந்தான் தடம் மாறிட்டேனுங்க.”

நான் வாயே திறக்கவில்லை. அவள் சாகிற வரைக்கும் திறக்கவில்லை.

“ஏனுங்கம்மா, லைப்ரரி இந்தப் பக்கந்தானுங்களா?” என்று காலேஜ் பொண்ணு ஒன்று பக்கத்தில் வந்து கேட்டது. கையில் தாளோடு நிற்கிறவளுக்குத் தெரியும் என்று நினைத்திருக்கும்.

“தெரியாது சாமி. எனக்குப் படிக்க வராது” என்றேன்.

அத்தை காதில் விழுந்திருந்தால் தேவலை.