வளையில் ஏறாத பரல்

மாம்புரியில் போன வருட வெள்ளம் வடிந்து பல மாதங்களுக்குப் பிறகு, நான் வீடு வீடாக விபரம் எடுக்கப் போனபோதுதான் பளீலாவை முதன்முதலில் காணக் கிடைத்தது. அனர்த்தத்துக்கு என்ன ஆயத்தம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கூரையைத் தாங்கும் குறுக்கு மரமான வளையைக் காட்டினார். மூடி இறுக்கிய, பீப்பாய் போன்ற நீல பிளாஸ்டிக் பரல் ஒன்று அதில் தொங்கியது.

அது அவருடைய கணவர் ஜெமீலின் ஏற்பாடு. கடலுக்குப் போகிறவர், வானத்தை நம்பாதவர். மழைக்காலம் தலைகாட்டும் முன்னரே காணி உறுதி, அடையாள அட்டை, மருந்து, டோர்ச், ஆளுக்கொரு மாற்றுடுப்பு எல்லாவற்றையும் பரலுக்குள் போட்டு, கதிரையில் ஏறி நின்று வளையில் கட்டுவார். பளீலா கீழே நின்று தோளால் முட்டுக்கொடுப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அது இருவர் செய்கிற வேலை. "நாம ரெண்டு பேரும் மிதந்தாலும் இது நனையாது" என்று ஜெமீல் ஒவ்வொரு வருடமும் சொல்வார். பளீலாவும் முதல் தடவை கேட்பது போலச் சிரித்து வைப்பார்.

போன வருடம் மழைக்கு முன்னரே ஜெமீல் மௌத்தாகிவிட்டார். கணவர் இறந்தால் மனைவி இருக்கும் இத்தாவில் பளீலா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு, அந்நிய ஆண் முகம் பாராமல். முதலில் வந்துபோன பெண்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். வானம் இருண்டபோது பழக்கத்தில் பரலை நிரப்பினார். மூடியை இறுக்கிய பிறகுதான், ஜெமீலின் சாரத்தையும் சேட்டையும் மடித்து வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. எடுக்க மனம் வரவில்லை. பரலைத் தனியே தூக்கவும் முடியவில்லை. பக்கத்து வளவுப் பேதுரு வேலிக்கு அப்பால் நின்று, ஏற்றித் தரவா என்று கேட்டான். இத்தா வீட்டுக்குள் ஆம்பிளை வருவதா என்று கதவுக்குப் பின்னால் நின்றே மறுத்துவிட்டார்.

மறுநாள், கடலோடு சேர்ந்த களப்பின் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. முழங்காலைத் தொட்டபோது பேதுரு வள்ளத்தோடு வந்து கூப்பிட்டான்.

"நான் இத்தால இரிக்கன் தம்பி. நீங்க போங்க."

"அது தண்ணிக்குத் தெரியாதே, ராத்தா."

பளீலாவுக்குச் சிரிப்பு வந்தது, கால்தான் அசையவில்லை. ஜெமீலுக்காகச் செய்ய மிஞ்சியிருப்பது இந்த இத்தா ஒன்றுதான். வெளியே கால் வைத்தால் அதுவும் போய்விடும்.

பேதுரு வாதாடாமல் வள்ளத்தைத் திருப்பினான். பளீலா கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். மிதந்த பரல், வீட்டுக்குள் ஆள் நடமாடுவது போலச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. வள்ளம் திரும்பி வந்தபோது, அதில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நூர்தீன் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

"உசிருக்கு ஆபத்தெண்டா வெளியாகலாம், பளீலா. மார்க்கத்துல இடம் இரிக்கி. மிச்சத்தப் போற இடத்துல இரிங்க."

இரண்டு ஆண்களும் முகத்தைக் களப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பளீலா பரலை இழுத்துக்கொண்டு வந்து ஏறினார்.

மத்ரஸா மண்டபத்தின் மூலையில், சீலை மறைப்புக்குப் பின்னால் மிச்ச இத்தா கழிந்தது. மறைப்புக்கு அப்பால் ஊரே கதைத்துக்கொண்டிருந்தது.

இப்போது பளீலா அதே வீட்டில் தனியாக இருக்கிறார். வளையில் ஒரு கப்பி பூட்டியிருக்கிறார். கயிற்றை இழுத்தால் பரல் ஒருவர் கையிலேயே ஏறிவிடும். ஜெமீலின் சாரமும் சேட்டும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.