முன் சக்கரத்தைக் கும்பிட்ட கதை

போன சனிக்கிழமை காலை, கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து மண் ரோட்டில் என் ஜீப் சேற்றில் இறங்கி நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. முன் சக்கரங்கள் இரண்டும் எனக்கென்ன வந்தது என்று சும்மா இருக்கின்றன.

நான் பதறினேனா? இல்லை. சொல்லப்போனால் சந்தோஷப்பட்டேன். செல்போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன்.

"பாருங்கள்... ஃபோர் வீல் லீவரைப் போட்டிருக்கிறேன். முன் சக்கரம் சுற்றுகிறதா? சுற்றவில்லை! இதற்குப் பெயர் ரிப்பேர்!" என்று குரலை ஏற்றி இறக்கிப் பேசினேன். ஆதாரம் திரட்டுகிறேனாம்.

பின்னால் ஹாரன் சத்தம். தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று, என்னைத் தாண்ட வழியில்லாமல் நின்றது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். அதிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி. பேச்சியம்மா என்று பெயர். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"என்னா சார், நடுரோட்டுல நின்னு படம் பிடிக்கிறீக? எங்களுக்கு வேலைக்கு நேரமாச்சுல்ல."

"வண்டி மாட்டிக்கிச்சும்மா. முன் வீல் வேலை செய்யல."

"முன் வீலைத் திருகுனீகளா?"

"எதை?"

அவர் என்னைப் பார்த்தார். புது பெயிண்ட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஏடி, இவுக திருகவே இல்லையாம்டி!" என்று கத்தினார். அந்த ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

பேச்சியம்மா தூக்குவாளியை என் பானெட் மேல் வைத்தார். சேற்றில் குனிந்து, முன் சக்கரத்தின் நடுவில் இருந்த சிவப்புக் குமிழைப் பிடித்துத் திருகினார். முதலில் அசையவில்லை. இரண்டாவது திருகலில் பெயிண்ட் உதிர்ந்து, 'டக்' என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் போனார். அங்கேயும் ஒரு 'டக்'.

"இப்ப எடுங்க. மெதுவா... முறுக்காதீக."

எடுத்தேன். ஏறிவிட்டது! நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் மேட்டுக்கு வந்து நின்றது. வீடியோ அது வரைக்கும் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஜீப் புழங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் குமிழுக்குப் பெயர் ஃப்ரீ வீல் ஹப். தார் ரோட்டில் போகும்போது முன் சக்கரத்தை என்ஜினோடு சேராமல் விட்டுவைத்தால் டீசல் மிச்சம். மண் ரோடு வந்ததும் இறங்கி, இரண்டு பக்கமும் திருகி லாக் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் உள்ளே உட்கார்ந்து லீவரை எத்தனை தடவை ஆட்டினாலும் முன் சக்கரம் சுற்றாது. அவ்வளவுதான் விஷயம். தினமும் தோட்டத்து ஜீப்பில் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஒரு சின்ன அறியாமை, சிரித்துவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? போகலாம் — மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பேப்பரில் இதே பக்கத்தில் நான் எழுதியதைப் படிக்காதவர்கள்.

படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய ஜீப்பைச் சரிசெய்யக் கொடுத்து ஏமாந்த கதையை எழுதியிருந்தேன். 'நாலு சக்கரம் என்று சொல்லி இரண்டை மட்டும் ஓடவைத்து அனுப்பும் வித்தகர்' என்று ஒரு மெக்கானிக்கைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தேன். அமோக வரவேற்பு! 'சவுக்கடி சார்' என்றார் ஒரு வாசகர். 'ஆதாரத்தோடு இரண்டாம் பாகம் எழுதுங்கள்' என்றார் இன்னொருவர். அந்த இரண்டாம் பாகத்துக்கு வீடியோ எடுக்கத்தான் சனிக்கிழமை மலையேறினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ஜீப் ஆசை வந்தது ஒரு வாட்ஸ்அப் குரூப்பால். தேனியில் இருபது முப்பது பேர், எல்லோரும் பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கிளம்புவார்கள். எங்கே? போடிமெட்டு டீக்கடைக்கு. தார் ரோட்டிலேயே போய், டீ குடித்து, தார் ரோட்டிலேயே திரும்பி வருவார்கள். அதற்குப் பெயர் எக்ஸ்பெடிஷன்! பம்பரில் ஒட்டிய ஒரு துளிச் சேற்றை அடுத்த ஞாயிறு வரை கழுவாமல் காப்பாற்றுகிற ஆளும் அதில் உண்டு. இவர்களோடு நானும் சேர்ந்தேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு திராட்சை விவசாயியிடம் ஜீப் ஒன்றை வாங்கினேன். தரைத் தகடு முழுக்க ஓட்டை. உட்கார்ந்தால் ரோடு தெரியும். ஃபோர் வீலே வேண்டாம் என்று, முன் சக்கரங்களுக்கு என்ஜினின் விசையைக் கொண்டுபோகிற தண்டை, அதாவது முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி எங்கேயோ போட்டிருந்தார் அந்த மனிதர். கம்பத்தில் ஜமால் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாய் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்தார். "ஷாஃப்ட் எங்கன கெடக்குன்னு கேளுங்க சார். புதுசு கெடைக்கும், ஆனா இதோடது இதுல சேர்ற மாதிரி சேராது" என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு நேரம் ஏது? அவரே பஸ் ஏறிப் போய், அந்த விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் தேடி, கட்டுத்தறிக்கு முட்டுக் கொடுத்திருந்த ஷாஃப்ட்டைத் தூக்கி வந்தார்.

ஏழு மாதம் வேலை. தகடு மாற்றி, கியர் பாக்ஸைப் பிரித்துக் கோத்து, ஃப்ரீ வீல் ஹப்பும் மாட்டிக் கொடுத்தார். வண்டியை ஒப்படைத்த அன்று பக்கத்தில் நின்று விளக்கினார். "மண் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி எறங்கி இத ரெண்டு பக்கமும் திருகிருங்க. மறந்துறாதீக." நான் தலையாட்டினேன். தலைதான் ஆடியது. கை, குரூப்பில் போட போட்டோவுக்கு ஃபில்டர் தேடிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டேனா? மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு பெரிய கடையில் பெயிண்ட் அடித்தேன். பச்சை ஜீப்புக்குச் சக்கரத்தின் நடுவில் சிவப்புக் குமிழ் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று நானே யோசனை சொன்னேன். குமிழில் 'லாக்', 'ஃப்ரீ' என்று எழுதியிருந்த எழுத்துகள் இரண்டு கோட்டிங்கில் மறைந்து போயின.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கம்பம்மெட்டுக்கு மேலே, தார் ரோட்டை விட்டுத் தோட்டத்து மண் ரோடு பிரிகிற இடத்தில், ஒரு மரத்தடியில் கருப்பசாமி கல் உண்டு. தோட்டத்து ஜீப்புகள் அங்கே நின்றுதான் போகும். டிரைவர் இறங்குவார். முன் சக்கரத்தருகே குனிவார். சுற்றி வந்து மற்ற சக்கரத்தருகே குனிவார். பிறகு சாமியைக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வண்டியேறுவார். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இறங்கிக் குனிவார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்து உருகிப்போனேன். என்ன பக்தி! தன்னைச் சுமக்கிற சக்கரத்தைத் தொட்டுக் கும்பிடுகிற உழைப்பாளியின் நன்றி!

நானும் அப்படியே செய்தேன். இரண்டு சிவப்புக் குமிழையும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நண்பர் ஒருவரைப் போட்டோ எடுக்கச் சொல்லி, 'இயந்திரமும் இறைவனே' என்று குரூப்பில் போட்டேன். கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன. கையை வைத்த இடத்தில் அந்த டிரைவர்களைப் போலக் கொஞ்சம் திருகியிருந்தால் போதும்... திருகவில்லை. கும்பிட்ட கையோடு அன்று மேலே போய் மாட்டிக்கொண்டேன். தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து எழுதியதுதான் அந்தச் சவுக்கடிக் கட்டுரை.

எழுதியபோது ஒரு நாகரிகம் காத்ததாக எனக்குப் பெருமை வேறு. மெக்கானிக்கின் பெயரைப் போடவில்லை. 'கம்பத்திலிருந்து மெட்டுக்குப் போகும் சாலையில், தண்ணித் தொட்டிக்கு எதிரே, நரைத்த தாடியும் மூக்கில் சரிந்த கண்ணாடியுமாக' என்று மட்டும் எழுதினேன். அந்தச் சாலையில் அப்படி ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார்.

சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கியதும் நேராக அவர் பட்டறைக்குப் போனேன். மழை பிடித்து, தோட்டங்களில் பறிப்பு தொடங்குகிற நேரம் இது. வருஷா வருஷம் இந்த மாதத்தில் ஜீப்புகள் ரோடு வரை வரிசையில் நிற்கும். அன்று ஒரு டெம்போவின் பேட்டரி மட்டும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாய் தனியாக உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க சார். வண்டி எப்படி இருக்கு?"

இப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருகாததைச் சொன்னேன். கும்பிட்டதையும் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை.

"தப்பு என் மேலதான் பாய்."

"தெரியும் சார். பேப்பரைப் படிச்ச அன்னைக்கே தெரியும், லாக் பண்ணியிருக்க மாட்டீகன்னு."

"தெரிஞ்சுமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"மூணு தடவ போன் போட்டேனே சார். நீங்க எடுக்கலை."

உண்மை. மூன்று தடவையும் பெயரைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட ஆள் கெஞ்ச வருகிறான் என்று நினைத்து, மூன்று தடவையும் கட் பண்ணினேன். அதில் ஒரு சுகம்கூட இருந்தது. இதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"தோட்டத்து வண்டியெல்லாம் எங்க பாய்?"

"ஒரு முதலாளி ஆறு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாக. பேப்பர்லயே வந்திருச்சே, இனி ஒன்ட்ட விட்டா எனக்குல்ல அசிங்கம்னாக. அவுகளப் பாத்து மத்தவுகளும் போயிட்டாக. எங்கிட்ட வேலை பாத்த ரெண்டு பேரும் வீட்ல இருக்காக. பறிப்பு முடியுறதுக்குள்ள வண்டி திரும்பி வரலைன்னா அவுகளும் வேற எடம் பாத்துருவாக. ஆளில்லாம நான் ஒருத்தன் என்ன செய்ய?"

இருபத்தெட்டு வருஷப் பட்டறை. நான் ஒரு மத்தியானம் ஃபேன் காற்றில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு எழுதி முடித்துவிட்டேன்.

"அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன் பாய்" என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல்முறையாக அவர் குரலில் கோபம் வந்தது.

"எழுதுங்க சார். ஆனா இந்தத் தடவ எம் பேரைப் போட்டு எழுதுங்க. திட்டும்போது பேரு போடலை, ஊருக்கே தெரிஞ்சிருச்சு. மன்னிப்புக்கும் பேரு போடலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

போடுகிறேன். பெயர் ஜமால். வேலை தெரிந்தவர், சொன்ன வேலையைச் செய்தவர். அவரைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் பொய். தோட்டத்து முதலாளிகளே, உங்கள் ஜீப்புகளைத் தண்ணித் தொட்டிக்கு எதிரே திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.

வேலை தெரியாதவன் யார் என்று தேட வேண்டாம்... அவன் பெயர் இந்தப் பக்கத்தின் உச்சியில், படத்தோடு அச்சாகியிருக்கிறது.